வீதியும் ஒரு குளக்கட்டுதான்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள மதகு வெறும் இருக்கை. பின்னேரங்களில் பொடியன்கள் அதன் கட்டையில் இருந்து கதைப்பார்கள். மீன் விற்க வருகிறவர் சைக்கிளை நிறுத்தி அதில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு காசு எண்ணுவார். அடியில் தண்ணீர் போக ஒரு வழி இருக்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் இராது. மாரி பிறந்து இரண்டு இரவு விடாமல் மழை பெய்தால்தான் எல்லோரும் குனிந்து பார்ப்போம்.

அப்படியொரு டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை வெள்ளம் ஏறியது. வீதியைக் கடந்து மறுபக்கம் போய்ப் பார்த்தால் அங்கே கணுக்கால் அளவுகூட இல்லை. மழை இரண்டு பக்கமும் ஒரேமாதிரித்தான் பெய்தது. நடுவில் இருந்தது ஒரு தார் வீதி, அதற்கு அடியில் வாய் அடைபட்ட ஒரு கொங்கிரீட் குழாய். அந்த இரண்டு பக்க நீர்மட்டத்துக்கும் இடையிலிருந்த வித்தியாசம் ஏன் வந்தது என்று தேடப் போய்த்தான் நான் மதகுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

இலங்கையின் கிழக்கில் பிறந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. நிலத்தைவிட உயரமாகப் போட்ட ஒவ்வொரு வீதியும் ஒரு குளக்கட்டு. ரயில் பாதையும் அப்படியே. சரிவான நிலத்தின் குறுக்கே மண்ணைக் கொட்டி, இறுக்கி, நீளமாக ஒரு மேட்டை எழுப்பினால் மேல்பக்கத்தில் தண்ணீர் தேங்கும். அதைக் கட்டியவர்கள் குளம் கட்ட நினைக்கவில்லை என்பது தண்ணீருக்குத் தெரியாது. அந்தக் கட்டுக்கு வைத்த துருசுதான், அதாவது கட்டுக்கு அடியால் தண்ணீர் விடும் வழிதான் மதகு. கதவில்லாத துருசு.

குளம் கட்டியவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள். குளக்கோட்டன் கட்டியதாகத் தமிழர் மரபில் சொல்லப்படும் கந்தளாய்க் குளத்தை எடுத்தாலும், ஊருக்கு ஊர் இருக்கும் சின்னக் குளங்களை எடுத்தாலும், தண்ணீர் வெளியேற இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று துருசு, வயலுக்குத் தேவையான அளவை விடுவதற்கு. மற்றது வான், குளம் கொள்ளாத தண்ணீர் கட்டை உடைக்காமல் வழிந்து போவதற்கு. வான் இல்லாத குளத்தை எந்த ஊரிலும் கட்ட மாட்டார்கள். வீதிகளுக்கு நாம் பெரும்பாலும் துருசை மட்டும் வைத்துவிட்டு வானை மறந்துவிடுகிறோம். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் முக்கால்வாசி இதுதான்.

முதலில் மழையைப் பார்ப்போம். திருகோணமலையில் சராசரியாக ஆண்டுக்கு 1,600 மில்லிமீற்றர் அளவில் மழை பெய்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். நவம்பரும் டிசம்பரும் மட்டுமே நாற்பது வீதத்துக்கு மேல். மீதி மாதங்களில் வடிகான் தூசு பிடித்துக் கிடக்கும், மதகு வாயில் புல் முளைக்கும். எட்டு மாதம் சும்மா கிடந்த ஒன்றை நாம் இரண்டு மாதத்துக்கு முழு வேலை செய்யச் சொல்கிறோம். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் ஒரே நாளில் ஒரு மாத மழை விழலாம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது எங்களுக்கு இன்னும் நேற்றுப் போல இருக்கிறது.

விழுந்த மழை போகும் வழியும் இங்கே இடத்துக்கு இடம் வேறுபடும். நகரம் கடலுக்கும் உட்துறைமுகத்துக்கும் நடுவே ஒரு குறுகிய நிலத்தில் இருக்கிறது. உவர்மலை போன்ற மேடுகளில் விழுவது நிமிடக் கணக்கில் கீழே இறங்கிவிடும். உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் மணல் நிலம், ஓரளவு குடித்துக்கொள்ளும். தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் தட்டையான வயல்வெளி. அங்கே தண்ணீர் ஓடாது, அகலமாகப் பரவி மெதுவாக நகரும். மலையடியில் வேகத்துக்கு ஏற்ற மதகு வேண்டும். வயல்வெளியில் அளவுக்கு ஏற்ற மதகு வேண்டும். ஒரே அளவுக் குழாயை எல்லா இடத்திலும் பதித்துவிட்டுப் போனால் எங்காவது ஒரு ஊர் மூழ்கத்தான் செய்யும்.

ரயில் பாதையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். மாகோவிலிருந்து வருகிற பாதை கல்லோயாவில் பிரிகிறது. ஒன்று மட்டக்களப்புக்குப் போகிறது. மற்றது கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனக்குடா வழியாகத் திருகோணமலைக்கு வருகிறது, ஏறக்குறைய 70 கிலோமீற்றர். 1927இல் திறந்த பாதை. மாட்டுவண்டிப் பாதை பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறிப் போகலாம். ரயிலுக்கு அது முடியாது. சரிவு மிக மெதுவாகத்தான் இருக்க வேண்டும், ஆகவே பள்ளம் வந்தால் மண்ணைக் கொட்டி நிரப்பியே ஆக வேண்டும். தம்பலகாமத்து வயலுக்குள்ளால் ரயிலில் போகும்போது யன்னலால் பாருங்கள், நீங்கள் இருப்பது ஒரு நீண்ட கட்டின் மேலே. அதற்கு அடியில் அங்கங்கே சின்ன மதகுகள். ஒரு பக்கத்து வயலிலிருந்து மறுபக்கத்து வயலுக்குத் தண்ணீர் போய்வர அவை மட்டுமே வழி. இப்படியான தட்டை நிலத்து மதகில் தண்ணீர் ஒரே திசையில்தான் போகும் என்றும் இல்லை. மேற்பக்கத்தில் மழை கூடினால் இங்கிருந்து அங்கே, கீழ்ப்பக்கம் பெருகி நின்றால் அங்கிருந்து இங்கே. அடைத்துவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகாது. பெரும்போக நெல் இளம்பயிராக நிற்கிற நேரத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் மூடி நின்றால் அந்த வயல் அழுகிப் போகும். அடுத்த பக்கத்து வயல் பச்சையாக நிற்கும்.

சரி, ஒரு மதகு எவ்வளவு தண்ணீரைத்தான் விடும்? கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே அதிர்ச்சியாக இருந்தது. ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் மழை விழுகிறது என்று வையுங்கள். நல்ல அடைமழையில் இது சாதாரணம். அது 50,000 கன மீற்றர் தண்ணீர். பாதியை மண்ணும் குட்டைகளும் வாங்கிக்கொண்டாலும் மீதி 25,000 கன மீற்றர் வெளியேற வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் போவதென்றால் நொடிக்கு ஏறக்குறைய 7 கன மீற்றர். இனி 900 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாய் ஒன்றை எடுங்கள். அதன் வாயின் பரப்பு 0.64 சதுர மீற்றர். தண்ணீர் நொடிக்கு 2 மீற்றர் வேகத்தில் நிறைந்து ஓடினாலும் 1.3 கன மீற்றருக்குக் கிட்டத்தான் போகும். அப்படி ஐந்தாறு குழாய்கள் வேண்டும். இப்போது அதே நிலத்தில் பற்றைக்காடு வெட்டி, தகரமும் ஓடும் கொங்கிரீட் முற்றமும் வந்து, மழையில் ஐந்தில் நான்கு பங்கு ஓடி வருகிறது என்று வையுங்கள். நொடிக்கு 11 கன மீற்றர். இப்போது ஒன்பது குழாய்கள். கீழே இருக்கிற மதகை யாரும் தொடவில்லை. ஆனால் அது போதாத மதகாக மாறிவிட்டது. மேலே வீடு கட்டியவர்களில் ஒருவருக்கும் தாங்கள் அந்த மதகைச் சின்னதாக்கினோம் என்று தெரியாது.

குழாயைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீதிகளில் காணும் வட்டமான கொங்கிரீட் குழாயை ஹியூம் பைப் என்கிறோம். அது ஒரு மனிதரின் பெயர். ஆஸ்திரேலியாவில் வால்டர் ஹியூம் என்பவர் 1910இல், அச்சை வேகமாகச் சுழற்றி அதற்குள் கொங்கிரீட்டைச் செறிய வைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதனால் குழாய் உறுதியாகவும் மலிவாகவும் வந்தது. உலகம் முழுவதும் பரவியது. சதுரப் பெட்டி வடிவ மதகு செலவு கூடியது, ஆனால் வீதி உயரத்தைக் கூட்டாமல் அகலமாக வழி விடலாம். தாழ்ந்த இடங்களுக்கு அதுதான் நல்லது. பழைய மதகுகளில் இரண்டு பக்கமும் கருங்கல் சுவர் எழுப்பி மேலே பலகைபோலக் கொங்கிரீட் போட்டிருப்பார்கள். அவற்றில் அநேகமானவை இன்றும் அசையாமல் நிற்கின்றன.

ஒரு பெரிய குழாய்க்குப் பதில் இரண்டு சிறிய குழாய்கள் போட்டால் போதும் என்று நினைப்பதில் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. 600 மில்லிமீற்றர்க் குழாய் இரண்டு சேர்ந்தால் 0.57 சதுர மீற்றர், ஒரு 900 குழாயைவிடக் குறைவு. அது போகட்டும். சின்ன வாய் சீக்கிரம் அடைபடும். வெள்ளம் தண்ணீரை மட்டும் கொண்டு வருவதில்லை. வாழைத்தண்டு, பனை ஓலை, செத்த மாடு, அரிசிச் சாக்கு, பொலித்தீன் பை எல்லாம் கூட வரும். குறுக்கே ஒரு கிளை மாட்டினால் போதும், அதில் பொலித்தீன் பை ஒட்டும், அதன்மேல் புல் படியும், அரை மணி நேரத்தில் பாய் விரித்தமாதிரி வாயை மூடிவிடும். எங்கள் மதகில் நடந்தது அதுதான். இதைவிட மெதுவாக நடப்பது மண் படிவது. குழாயின் அடியில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மண் ஏறினால் வழியில் கால் பங்குக்கு மேல் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் மேல் பாதி திறந்து அழகாகத்தான் இருக்கும்.

மதகு அடைபட்டால் மேல்பக்கம் மூழ்கும் என்பது எல்லோரும் கண்ட விஷயம். கீழ்ப்பக்கத்தில் நடப்பதை நாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. தேங்கி உயர்ந்த தண்ணீர் குழாய்க்குள்ளால் பீறிட்டு வெளியே பாயும். தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உருட்டக்கூடிய கல்லின் எடை 64 மடங்காகும் என்பது ஆற்றுப் பொறியியலில் பழைய கணக்கு. அந்த வேகத்தில் வெளிவாயில் மண் தோண்டப்பட்டுக் குழி விழும். குழி பின்னோக்கி வளர்ந்து குழாயின் கடைசித் துண்டைத் தொங்க வைக்கும். அதனால்தான் மதகின் வெளிப்பக்கத்தில் கல் பாவுவதும் இரண்டு பக்கமும் சரிவுச் சுவர் கட்டுவதும். சிக்கனம் பார்த்து முதலில் வெட்டப்படுவதும் அந்தக் கல்தான்.

இதைவிட ஆபத்தானது குழாயின் வெளிச்சுவர் ஓரமாகத் தண்ணீர் வழி தேடுவது. மண்ணுக்குள் வழுவழுப்பான கடினப் பொருள் ஒன்று கிடந்தால், அதற்கும் மண்ணுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால் போதும். தண்ணீர் அதற்குள் நுழைந்து மண்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு போகும். மேலே தார் அப்படியே இருக்கும், உள்ளே பொந்து வளரும். ஒரு நாள் பாரவாகனம் ஏறும்போது வீதி உள்ளே இறங்கும். ரயில் பாதையில் இது நடந்தால் மண்ணும் சல்லிக்கல்லும் போய், தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் மட்டும் ஏணி மாதிரி அந்தரத்தில் தொங்கும். வெள்ளக் காலத்தில் ரயில் சேவையை நிறுத்திவிட்டுப் பாதையை நடந்து பார்ப்பதற்குக் காரணம் இதுதான். தண்டவாளம் அறுந்திராவிட்டால் தூரத்தில் வரும் சாரதிக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

மண்கட்டு ஒன்று போனால் என்ன ஆகும் என்பது எங்கள் மாவட்டத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து 120க்கு மேற்பட்ட உயிர்கள் போயின. பழைய குளக்காரர்கள் கட்டுக்கு அடியால் தண்ணீரைக் கொண்டுபோவதன் ஆபத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். பெரிய குளங்களின் பழைய துருசுகளில் கட்டுக்குள்ளே சதுரக் கிணறு மாதிரி ஒரு அறை இருக்கும், சிங்களத்தில் பிசோகொட்டுவ என்பார்கள். குளத்தின் முழு அழுத்தமும் கட்டுக்கு அடியிலுள்ள வழியில் நேரே பாயாமல் அந்த அறையில் வைத்து அடக்கி விடுவதற்கான ஏற்பாடு அது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வேலை.

இனி வானுக்கு வருவோம். வீதிக்கு வான் இருக்க முடியுமா? முடியும், அதற்கு எங்கள் பக்கத்தில் தாம்போதி என்று பெயர். வீதியை ஓரிடத்தில் வேண்டுமென்றே தாழ்த்தி, கொங்கிரீட்டில் உறுதியாகக் கட்டி, வெள்ளம் கூடினால் அதன் மேலாகவே பாயவிடும் ஏற்பாடு. இரண்டு பக்கமும் உயரக் கம்பம் நட்டிருக்கும். சில மணி நேரமோ ஒரு நாளோ போக்குவரத்து நிற்கும். வெள்ளம் வடிந்ததும் வீதி அப்படியே இருக்கும். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற மூதூர், வெருகல் பக்கத்துச் சமவெளிக்கு இது மிகவும் பொருந்தும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வாப் புயலோடு மகாவலி கரை மீறி வந்த தண்ணீரை எந்த மதகாலும் விட்டிருக்க முடியாது. அவ்வளவு தண்ணீருக்கு வீதியைக் கடக்க ஒரு தாழ்வான இடம் வேண்டும், இல்லாவிட்டால் அது தானே ஒரு இடத்தை உடைத்து எடுத்துக்கொள்ளும்.

தாம்போதியால் மக்கள் படும் கஷ்டத்தை நான் சிறிதாக்கவில்லை. பள்ளிக்கூடம் போக முடியாது, பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே ஊர்மக்கள் வீதியை உயர்த்தித் தாருங்கள் என்று கேட்பது நியாயம். ஆனால் தாழ்வை நிரப்பி, நான்கு குழாய் பதித்து, மேலே தார்க் காப்பெட் போட்டுவிட்டால் அந்தக் கட்டின் வான் அடைபட்டுவிட்டது என்று பொருள். உயர்த்துவதென்றால் அங்கே வரவேண்டியது அகலமான பாலம். கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும் வரை மக்கள் பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் கடந்தார்கள். பாலத்தின் கீழே கடல்நீர் முன்போலவே போய்வருகிறது. மண்ணைக் கொட்டிக் குறுக்கே வீதி போட்டிருந்தால் நிலைமை வேறு.

அளவு தீர்மானிக்கும்போது பொறியியலாளர்கள் 10 ஆண்டு வெள்ளம், 25 ஆண்டு வெள்ளம் என்று கணக்கு வைப்பார்கள். 25 ஆண்டு வெள்ளம் வந்து போய்விட்டதால் இனி 25 வருடத்துக்குப் பயமில்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் பொருள் ஒவ்வொரு வருடமும் அது வர 4 வீத வாய்ப்பு இருக்கிறது என்பதே. 25 வருடத்துக்குள் ஒரு முறையாவது வருவதற்கு 64 வீத வாய்ப்பு. அடுத்தடுத்த இரண்டு மாரியிலும்கூட வரலாம்.

கடல் பக்கத்தில் இன்னொரு சிக்கல். இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனால் நகரத்து வடிகான்கள் கடலில் விழும் இடம் அவ்வளவு தாழ்வு. வாடைக்காற்றில் அலை மணலை அள்ளி வாயில் கொட்டிவிடும், களப்பு முகத்துவாரங்களும் மண்மேடு போட்டு மூடும். வெட்டிவிடும் வரை மேலே இருக்கிற ஒரு மதகும் சரியாக வேலை செய்யாது.

ஒரு நீரோடையை மேலிருந்து கீழே பின்தொடர்ந்து பாருங்கள். சின்னக் குளம் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடையது. பெரிய வாய்க்கால் நீர்ப்பாசனத் திணைக்களத்துடையது. பெருந்தெரு மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, உள்வீதி மாகாணத்துடையது, ஒழுங்கை உள்ளூராட்சி சபையுடையது, நடுவில் ரயில் பாதை வந்தால் அது புகையிரதத் திணைக்களத்துடையது. ஒவ்வொருவரும் தங்கள் பங்கைச் சரியாகச் செய்தாலும், மேலே அகலமான மதகு போட்டுக் கீழே பழைய சின்ன மதகை விட்டால் வெள்ளம் ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு மாறும், அவ்வளவுதான். முழு ஓடைக்கும் ஒரே வரைபடம் வைத்து, கீழிருந்து மேலாக வேலை செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கடல் வாயைத் திறக்காமல் மேலே பெருப்பிப்பதில் பயனில்லை.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். நிறைந்து ஓடும் மதகின் மேல்வாய்ப் பக்கத்தில் தண்ணீர் அமைதியாகத் தெரியும், சில நேரம் சின்னச் சுழி மட்டும் போடும். அடியில் அது குழாய்க்குள் இழுக்கிறது. கால் அகப்பட்டால் வளர்ந்த ஆளாலும் மீள முடியாது. மீன் பிடிக்க என்று அந்தப் பக்கம் விடவே கூடாது. அதேபோல வீதியின் குறுக்கே ஒரு அடி உயரத்துக்குப் பாயும் வெள்ளம் சின்னக் காரை மிதக்கவைத்துத் தள்ளிவிடும். வடிந்த பிறகும் மதகுக்கு மேலே தாரில் புதிய பள்ளமோ வளைந்த வெடிப்போ தெரிந்தால் அதன்மேல் வாகனத்தை ஏற்றாமல் உடனே அறிவிப்பது நல்லது.

மதகு துப்புரவு செய்யச் சரியான காலம் ஆவணி, புரட்டாதி. அப்போது குழாய் காய்ந்திருக்கும், உள்ளே டோர்ச் அடித்து மறுவாய் தெரிகிறதா என்று பார்க்கலாம், மண்ணை வெட்டி எடுக்கலாம். கார்த்திகையில் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து சேற்றைக் கிளறுவது பாதி வேலைதான். வெட்டிய மண்ணை வாயோரத்திலேயே குவித்துவிட்டுப் போனால் முதல் மழையோடு அது திரும்ப உள்ளே போய்விடும்.

புதிய மதகு ஒன்று போட அளக்க வருகிறவர்கள் ஊரில் முதலில் கேட்பது, இங்கே தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைத்தான். மழை அளக்கும் நிலையம் எல்லா ஊரிலும் இல்லை, ஆகவே சுவரில் இருக்கும் கறைக்கு அவர்கள் கணக்கில் இடமுண்டு. எங்களைக் கேட்டபோது ஆளுக்கு ஒரு உயரம் காட்டினோம். கறையை எப்போதோ வெள்ளையடித்து மறைத்திருந்தோம். இப்போது எங்கள் மதிலின் உள்பக்கத்தில் நீல பெயிண்டில் ஒரு கோடு இருக்கிறது, பக்கத்தில் திகதி. அடுத்த வீட்டுக்காரரும் தன் கிணற்றுக் கட்டில் ஒன்று போட்டிருக்கிறார். அவருடையது எங்களுடையதைவிட நான்கு விரல் தாழ்வு, அவருடைய காணி வீதியிலிருந்து கொஞ்சம் தள்ளி இருக்கிறது.